பூட்டுகளுக்கு லீவு விட்ட நாள்

யார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களுக்குக் கொடுத்திருக்கும் பயிற்சிக் கையேட்டை நானும் வாங்கிப் படித்தேன். டிரெய்லர் பாதுகாப்பு என்று பதினான்கு பக்கம் போட்டிருக்கிறார்கள். கொக்கிப் பூட்டை எங்கே மாட்டுவது, சக்கரப் பூட்டை எப்படி இறுக்குவது, ஜிபிஎஸ் கருவியை எங்கே ஒளித்து வைப்பது, எல்லாம் அம்புக்குறி போட்ட படங்களோடு இருக்கிறது. குறை சொல்ல முடியாது. ஆனால் அதை எழுதியவர் தன் வாழ்நாளில் ஒரு டிரெய்லரைக்கூடப் பறிகொடுத்ததில்லை என்பது வரிக்கு வரி தெரிகிறது. நான் பறிகொடுத்தவன். அதனால்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "உங்க அனுபவத்த ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க சார், பசங்களுக்கு உதவும்" என்றார். அவர் எதிர்பார்த்த அனுபவம் இதுவாக இருக்காது. இந்தக் கதையில் அவருக்கே பாதிதான் தெரியும். மீதியை உங்களோடு உட்கார்ந்து படிக்கட்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் ஸ்டோரில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு என்னால் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. என் மனைவியால் என்னை வீட்டில் வைத்துக்கொள்ளவே முடியவில்லை. அயனம்பாக்கத்தில் டிரெய்லர்களை வாடகைக்கு விடும் இந்த யார்டு திறந்தபோது இன்சார்ஜாகச் சேர்ந்தேன். சேர்ந்த நாளிலிருந்து யார் கிடைத்தாலும் ஒரு வசனம் சொல்லுவேன்: "முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல என் ஸ்டோர்லேருந்து ஒரு போல்ட்டுகூடக் காணாமப் போனதில்ல." இதை நான் வாட்ச்மேன் கன்னியப்பனிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே முடித்து வைப்பான்.

நம் டிரெய்லரை நீங்கள் இப்போது தினமும் பார்க்கிறீர்கள். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், பின்கதவைத் தூக்கினால் அடுப்பு. ஏலகிரிக்கோ பழவேற்காட்டுக்கோ கொண்டுபோய் நிறுத்திவிட்டு நாலு நாள் இருந்துவிட்டு வருவார்கள். வாடகைக்கு எடுப்பவர் கண்ணுக்கு அது விடுமுறை. திருடன் கண்ணுக்கு அது சாமான்களையெல்லாம் கட்டி, சக்கரமும் மாட்டி, தயாராக வைத்திருக்கிற வீடு. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எதுவும் அவனுக்கு இல்லை.

சேர்ந்த புதிதில் எனக்குப் பூட்டுப் பைத்தியம் பிடித்திருந்தது. கொக்கிக்கு ஒன்று, சக்கரத்துக்கு இரண்டு, கதவுக்கு இரண்டு, பிறகு சங்கிலி போட்டுத் தூணோடு கட்டி அதற்கு நான்கு. ஒரே டிரெய்லரில் ஒன்பது பூட்டு தொங்கியது. கொரட்டூரிலிருந்து ஒரு குடும்பம் விடியற்காலையில் இட்லிப் பொட்டலத்தோடு கிளம்பி வந்துவிட்டது. எட்டுப் பூட்டு திறந்தது. ஒன்பதாவதின் சாவி எதுவென்று எனக்கு நினைவில்லை. என்னிடம் இருந்த சாவிக்கொத்தைப் பார்த்து அந்த வீட்டு அம்மா, "மாமா, நீங்க ஜெயில்ல வேல பாத்தீங்களா?" என்று கேட்டார். கடைசியில் எங்கள் ஃபிட்டர் தசரதன் கட்டிங் மிஷினைக் கொண்டுவந்து என் பூட்டை என் கண் முன்னாலேயே அறுத்தான். இரண்டு நிமிடம்தான் ஆனது. எந்தப் பூட்டானாலும் அவ்வளவுதான் தாங்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதன்பிறகு ஒரு வண்டிக்கு இரண்டு பூட்டு, ஒரு ஜிபிஎஸ், கேட்டில் ஒரு ஆள், ஒரு ரெஜிஸ்டர் என்று திட்டம் வைத்தேன். நல்ல திட்டம். இன்றைக்கும் உங்கள் கையேட்டில் இருப்பது அதுதான்.

அந்தத் திட்டம் மொத்தமும் ஒரே நாளில் லீவு போட்டது. அது ஆயுத பூஜை நாள்.

நம் யார்டில் ஆயுத பூஜை என்றால் தசரதன் வைத்ததுதான் சட்டம். மற்ற நாளில் முதலாளிக்கே பதில் சொல்லாதவன் அன்று எல்லோரையும் வேலை வாங்குவான். முந்தின நாளே என்னிடம் வந்து நின்றான்.

"சார், எல்லா வண்டியோட சக்கரப் பூட்டையும் கழட்டணும்."

"எதுக்குப்பா?"

"சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தணும்ல? பூட்டு மாட்டுன சக்கரம் எப்படி சார் சுத்தும்?"

நியாயமான கேள்வி. கழற்றச் சொன்னேன். கழற்றிய பூட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவினான். கொக்கிப் பூட்டுகளையும் கழற்றிக் கழுவினான், ஏனென்றால் ஒன்றைக் கழுவி ஒன்றைக் கழுவாமல் விட்டால் கோபித்துக்கொள்ளும். பூஜை நாள் காலையில் ஆபீசுக்குள் போய்ப் பார்த்தேன். சாமி படத்துக்குக் கீழே ஸ்பேனர் செட், ஜாக்கி, டிரில் மிஷின், அவற்றுக்கு நடுவே நம் பூட்டுகள் அத்தனையும் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் சாவிக்கொத்து. அதன் பக்கத்தில் கேட் ரெஜிஸ்டரும் சீட்டுப் புத்தகமும் பேனாவும், சரஸ்வதி பூஜை கணக்கில். அதற்கும் பக்கத்தில் சின்னச் சின்னதாகக் கறுப்பு டப்பாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு.

"இது என்ன தசரதா?"

"ஜிபிஎஸ் சார். அதுவும் ஆயுதந்தானே? தூசியா இருந்துச்சு, தொடச்சு வெச்சேன்."

"எல்லாத்தையும் எப்ப திரும்ப மாட்டுவ?"

"நாளைக்குக் காலைல மறு பூஜை போட்டுட்டுத்தான் சார். இன்னிக்கு எதையும் தொடக்கூடாது. அதுங்களுக்கு இன்னிக்கு ரெஸ்ட்டு."

இங்கேதான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. நான் சர்ச்சுக்குப் போகிறவன். நான் போய்ச் சாமி முன்னால் இருக்கிற பூட்டை எடுத்தால், 'சாருக்கு நம்ம சாமின்னா இளக்காரம்' என்று தசரதன் கிறிஸ்துமஸ் வரைக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டான், கேக் மட்டும் வாங்கிக்கொள்வான். மரியாதை என்று நினைத்துக்கொண்டுதான் சும்மா இருந்தேன். கொஞ்சம் சோம்பேறித்தனமும் உண்டு. பன்னிரண்டு வண்டிக்குப் பூட்டு மாட்ட யாருக்குக் குனிய முடிகிறது?

பூஜை முடிந்தது. பொரி, சுண்டல், வாழைப்பழம் எல்லாம் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். மதியத்துக்குள் யார்டு காலி. முதலாளி பூந்தமல்லியில் மாமியார் வீட்டு விருந்துக்குப் போனார். "எங்க வீட்ல பூஜை கிடையாதே, நான் இருக்கேன், நீங்கள்ளாம் போங்க" என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னேன். கேட்டில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு கன்னியப்பன். ஷெட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டுப் பொரி தின்றுகொண்டு நான். பூட்டில்லாத பன்னிரண்டு டிரெய்லர்கள், நெற்றியில் பொட்டோடு.

பன்னிரண்டரை மணி இருக்கும். ஒரு வெள்ளை ஜீப் உள்ளே வந்தது. முன்னால் மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று, கண்ணாடியில் சந்தனம். அன்றைக்கு ஊரில் ஓடிய எல்லா வண்டியும் அப்படித்தான் இருந்தது. வெள்ளை வேட்டி சட்டையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கி, கையிலிருந்த ஸ்வீட் பாக்ஸைத் திறந்து நீட்டினார்.

"வணக்கம் சார். பூஜையெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா? எடுத்துக்குங்க. அந்தச் சின்ன வண்டிய எடுத்துட்டுப் போக வந்தேன். ஆபீஸ்ல பேசிட்டேன்."

அந்தச் சின்ன வண்டியை நாங்கள் குட்டி என்று கூப்பிடுவோம். இருப்பதிலேயே சிறியது, எப்போதும் முதலில் புக் ஆவது. தொடர்ந்து லீவு வருகிறது, யாரோ ஏலகிரிக்குக் கிளம்புகிறார்கள், முதலாளி போனில் முடித்திருப்பார் என்று நினைத்தேன். வண்டியை வெளியே விட எழுதித் தரும் கேட் சீட்டைக் கேட்டிருக்கலாம். சீட்டுப் புத்தகம் சாமி முன்னால் இருந்தது. போன் செய்து கேட்டிருக்கலாம். செய்யலாமா என்று யோசிக்கிற நேரத்தில் அந்த மனுஷன் இன்னொரு வார்த்தை சொன்னான்.

"ரிவர்ஸ்ல நான் கொஞ்சம் வீக்கு சார். நீங்க பின்னாடி நின்னு பாத்துச் சொல்றீங்களா?"

நம் ஊரில் ஒரு வண்டி பின்னால் வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். டீ குடித்துக்கொண்டிருப்பவர் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வருவார். யார் வண்டி, எங்கே போகிறது, எதற்குப் போகிறது, ஒன்றும் கேட்க மாட்டார். பின்பக்கம் இரண்டு தட்டுத் தட்டி "வா வா வா, ஒடி, ரைட்ல ஒடி, போதும்" என்று அனுப்பி வைத்துவிட்டு, ஆறிய டீயைக் குடிக்கப் போவார். சாதாரண ஆளுக்கே அப்படி என்றால் நான் யார்டு இன்சார்ஜ். ஜீப்பின் பின்னால் இருக்கிற இரும்பு உருண்டை டிரெய்லரின் கொக்கிக்கு நேர் கீழே வந்து நிற்க வேண்டும். இரண்டு விரல் அகலம் தப்பினாலும் மறுபடி முன்னால் போய்ப் பின்னால் வர வேண்டும். புதியவர்கள் பத்துத் தடவை முயல்வார்கள். நான் கை காட்டினால் ஒரே தடவை. அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

பொரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். "வா வா வா வா... லெஃப்ட்ல லேசா... நேரா வா... இன்னும் ஒரு முழம்... நிறுத்து!" உருண்டை மேல் கொக்கி டக்கென்று உட்கார்ந்தது. அந்த ஆள் இறங்கி வந்து பார்த்து, "கோடு போட்ட மாதிரி கொண்டாந்துட்டீங்களே சார்!" என்றான். அவ்வளவுதான், நான் தரையில் இல்லை.

அதற்கு மேல் நான் செய்ததெல்லாம் இலவச சேவை. அவன் பாதுகாப்புச் சங்கிலியை மாட்டாமல் கிளம்பப் பார்த்தான். "சங்கிலி இல்லாம வண்டிய எடுக்காதீங்க, ரோட்ல எவ்வளவு பேர் போறாங்க" என்று கண்டித்து நானே மாட்டினேன். பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். இடது டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, "காத்து கம்மியா இருக்கு. குமணன்சாவடில மெயின் ரோட்டு மேலயே ஒரு பஞ்சர் கடை இருக்கு, என் பேரச் சொல்லிப் புடிச்சுக்குங்க, அதத் தாண்டி இப்படியே ஓட்டாதீங்க" என்றேன். "போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணுங்க" என்றும் சொன்னேன். கேட்டில் கன்னியப்பன் கதவைத் திறந்து ஒரு சல்யூட் வைத்து அனுப்பினான்.

மூன்று மணிக்கு முதலாளி வந்தார். வண்டிகளைப் பார்த்தபடியே நடந்தவர் ஷெட்டுக்குப் பின்னால் வந்ததும் நின்றார்.

"சார், குட்டி எங்க? இன்னிக்கு நான் எந்த வண்டியும் புக்கிங் எடுக்கலையே! எப்படி வெளிய போச்சு?"

எனக்கு அந்த நொடியிலேயே எல்லாம் புரிந்துவிட்டது. வாழைக்கன்று, ஸ்வீட் பாக்ஸ், கோடு போட்ட மாதிரி, எல்லாம். வாயைத் திறந்தேன். உண்மை வரும் என்றுதான் திறந்தேன்.

"எனக்குத் தெரியலையே" என்று வந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயமில்லை, பென்ஷன் வருகிறது. ஊர் சிரிக்குமே என்ற பயம். ஒரு போல்ட்டுகூடக் காணாமல் போனதில்லை என்று சொல்லித் திரிந்தவன், முழு வண்டியைக் கொக்கி மாட்டிக் கொடுத்து, சங்கிலியும் போட்டு, காற்று எங்கே பிடிக்கலாம் என்று வழியும் சொல்லி அனுப்பினான் என்றால் யார் சிரிக்காமல் இருப்பார்கள்?

முதலாளி பரபரவென்று போனை எடுத்து ஜிபிஎஸ்ஸைத் தட்டினார். முகம் மலர்ந்தது. "சார், வண்டி இங்கதான் சார் இருக்கு! யார்டுக்குள்ளயே காட்டுது!" என்று போனைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஷெட்டைச் சுற்றினார், ஆபீசுக்குள் நுழைந்தார், சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றார். பொட்டு வைத்த கறுப்பு டப்பா அவரைப் பார்த்துப் பச்சை விளக்கைச் சிமிட்டியது. இரண்டு கையாலும் போனைப் பிடித்தபடி அதையே பார்த்தார். சாமி கும்பிடுகிறாரோ என்றுகூட நினைத்தேன்.

முதலாளி போன் செய்ததும் ஸ்டேஷனிலிருந்து ஜீப்பில் ஏட்டையா வந்தார். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஆனால் இந்தத் தொழிலில் எனக்கு யாராவது குரு உண்டென்றால் அது அவர்தான், அதுவும் ஒரே ஒரு மதியத்துக்கு. வந்ததும் யாரையும் விசாரிக்கவில்லை. குட்டி நின்ற இடத்தில் குந்தி உட்கார்ந்து மண்ணைப் பார்த்தார்.

"இந்தக் கொக்கிய ஒத்த ஆளா மாட்ட முடியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"முடியும் சார். ஆனா பத்துத் தடவ ஏறி எறங்கிப் பாக்கணும்."

"இங்க பாருங்க, டயர்த் தடம் ஒண்ணுதான் இருக்கு. நேரா வந்திருக்கான், ஒரே தடவைல மாட்டிருக்கான். யாரோ பின்னாடி நின்னு கை காட்டிருக்காங்க. அதுவும் நல்லா தொழில் தெரிஞ்ச ஆளு."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நிலைமையிலும் எனக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது.

ஏட்டையா எழுந்து கன்னியப்பனைப் பார்த்தார். "கேட்ல நீதான இருந்த? யாரு கை காட்டுனது?"

"தெர்ல சார்."

"கேட்டத் தொறந்தது யாரு?"

"நான்தான் சார்."

"எதுக்குத் தொறந்த?"

"வண்டி வந்துச்சு, தொறந்தேன் சார்."

"ரெஜிஸ்டர்ல எழுதுனியா?"

"ரெஜிஸ்டர் சாமியாண்ட கீது சார். இன்னிக்கு எய்தக் கூடாதாம்."

"சாமிய நான் அப்புறம் விசாரிச்சுக்கறேன். உள்ளாளு இல்லாம இது நடக்காது. நீ ஜீப்புல ஏறு, ஸ்டேஷன்ல போய்ப் பேசிக்கலாம்."

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன். கன்னியப்பன் கேட்டில் இருந்தான், நான் ஷெட்டுக்குப் பின்னால் இருந்தேன், அவன் எதையும் பார்த்திருக்க மாட்டான் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஸ்டேஷனில் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள் என்று இன்னொரு கணக்கு. ஒரு வாட்ச்மேனை இரண்டு கேள்வியோடு விட மாட்டார்கள் என்பதும், அப்படி விட்டாலும் அதன்பிறகு அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை எந்தக் கேட்டிலும் அவனை நிற்க விட மாட்டார்கள் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் குனிந்திருந்தேன்.

கன்னியப்பன் தலையை மட்டும் ஆட்டினான். தன் நாற்காலிக்குப் போய் அதன் மேலிருந்த பொரிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தான்.

"சார், இத்த எங்க ஊட்ல குட்த்துரு. பொண்ணு கேட்டுகினு இருந்துச்சு. ஸ்டேஷன்னு சொல்லாத. டூட்டி லேட்டாவும்னு மட்டும் சொல்லு."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். அவன் ஜீப்பை நோக்கி நடந்தான், ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தான்.

"ஏட்டையா," என்றேன், "கை காட்டுனது நான்தான்."

எல்லோரும் திரும்பினார்கள். ஸ்வீட் பாக்ஸ் முதல் பின்விளக்கு வரை ஒன்று விடாமல் சொன்னேன். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏட்டையாவுக்கு நம்பிக்கை வரவில்லை. வாட்ச்மேனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று நினைத்தார்.

"எப்படிக் கை காட்டுனீங்க? காட்டுங்க பாப்போம்."

அறுபத்தெட்டு வயதில், முதலாளி முன்னால், ஏட்டையா முன்னால், காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு, "வா வா வா, லெஃப்ட்ல லேசா, நேரா வா, இன்னும் ஒரு முழம், நிறுத்து" என்று செய்து காட்டினேன். நிறுத்தின இடம் டயர்த் தடத்தின் முனை. ஏட்டையா தடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்கதான்" என்றார்.

பிறகுதான் அவர் அந்தப் பாடத்தைச் சொன்னார். "சார், நீங்க நாலு பூட்டுப் போடுங்க, நாப்பது பூட்டுப் போடுங்க. நல்ல திருடன் பூட்டப் பாக்க மாட்டான், ஆளத்தான் பாப்பான். இங்க யாரப் புகழ்ந்தா வேலை நடக்கும்னு பாப்பான். சரி, போறதுக்கு முன்னாடி வேற என்ன பேசுனீங்க?"

"டயர்ல காத்து கம்மின்னு சொன்னேன். குமணன்சாவடி பஞ்சர் கடைல புடிச்சுக்கச் சொன்னேன்."

"அந்தக் கடை நம்பர் இருக்கா?"

இருந்தது. போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். எடுத்தவுடன் கடைக்காரர் கத்தினார்.

"சார், உங்க வண்டியா இது? சீக்கிரம் வாங்க சார், புண்ணியமாப் போவும்! ஒரு ஆளு உங்க பேரச் சொல்லிக் காத்து கேட்டான். மிஷினுக்குப் பொட்டு வெச்சாச்சு, நாளைக்குத்தான் காத்துன்னுட்டேன். டயரு சுத்தமா ஒக்காந்துடுச்சு. வண்டியக் கழட்டி உட்டுட்டு வேற கடை தேடிப் போனான். அவன் திரும்பி வர்றதுக்குள்ள இங்க நாப்பது பேரு லைன்ல நிக்கிறாங்க சார்!"

"லைனா? எதுக்கு?"

"இத்தப் பாத்தா ஆதார் எடுக்கிற வண்டி மாரி கீதாம்! லீவு நாள்ல வேலைக்குப் போறவங்களுக்காக உட்டுருக்காங்கன்னு எவனோ சொல்லிட்டான். எல்லாம் அட்டையும் கையுமா வந்து நிக்குது. அந்த ஆளு திரும்பி வந்தான் சார், நாலு பேரு அவனச் சுத்திகினு டோக்கன் எங்கன்னு கேட்டாங்க. ஏறி ஓட்டிகினு போனவன்தான். இப்ப என்னாண்ட டோக்கன் கேக்குறாங்க!"

ஏட்டையா தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். முதலாளி சிரித்தார். நான் பயந்த அந்தச் சிரிப்பு வந்தே விட்டது. வந்து பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பஞ்சர் கடை யாருக்கும் தெரிந்திருக்காது. கன்னியப்பன் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பான், அந்த ஆள் கூட்டம் கலைந்ததும் வந்து வண்டியைக் கொண்டுபோயிருப்பான்.

அடுத்த வருடத்திலிருந்து பூஜைக்குப் போகாத பூட்டு ஒரு செட் தனியாக வாங்கி வைத்தோம். அதற்கு தசரதன் வைத்த பெயர் 'சர்ச்சுப் பூட்டு'. இன்றைக்கும் அந்தப் பெயர்தான் வழங்குகிறது. ஸ்டோரில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். இன்னொரு பழக்கமும் வைத்தோம். கொக்கி மாட்ட வருகிறவர் யாராக இருந்தாலும், முதலாளியாகவே இருந்தாலும், முதலில் சீட்டை வாங்கிப் பார், பிறகு பின்னால் போய் நில். உங்கள் திறமையை யாராவது பாராட்டினால் சந்தோஷப்படுங்கள். பாராட்டியவர் கையில் என்ன ஸ்வீட் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே நானும் கன்னியப்பனும் முதலாளியின் காரில் போய்க் கூட்டத்தைக் கலைத்தோம். வண்டியைப் பூட்டிக் காட்டிய பிறகும் ஒரு அம்மா நகர மறுத்தார். அட்டையில் விலாசம் மாற்ற வேண்டுமாம். காரிலிருந்து ஸ்டெப்னி எடுத்து டயரை மாற்றிக் குட்டியை மாட்டி, திருவேற்காடு வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். கன்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"கன்னியப்பா, நான் கை காட்டுனத நீ பாக்கலதானே?"

"இன்னா சார், பாக்காம? நீ 'வா வா'ன்னு கூவுனது ஏரிக்கு அந்தாண்ட கேட்டுது. எட்டிப் பாத்தேன். சாரே கை காட்டி அனுப்புறாருன்னுதான் கேட்டத் தொறந்தேன்."

"அப்ப ஏட்டையா கேட்டப்ப ஏன் தெரியலன்னு சொன்ன?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மொதலாளியாண்ட நீ தெரியலன்னு சொன்ன இல்ல? அப்ப நானும் தெரியலன்னேன். எவ்ளோ நாளா அந்த போல்ட்டு கதைய சொல்லிகினு கீற. அத்த நான் போய் எப்டி சார் ஒடைக்கிறது? நீயே சொல்லிடுவன்னு பாத்துகினு இருந்தேன்."

கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்.

"நான் சொல்லாமலே விட்டிருந்தா?"

"ஸ்டேஷன் வாசப்படி வரைக்கும் உனக்கு டைம் குட்த்திருந்தேன் சார்" என்றான் கன்னியப்பன். "அதுக்கு மேல முடியாது. எனக்கும் குடும்பம் கீதுல்ல."